காசு போடாமல் ஆடுகிறவள்

கௌரிக்கு, உன் சின்ன நைனா எழுதுவது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னை எங்கே பேசவிடுகிறாய், அம்மா? சின்னம்மாவுக்கு மாத்திரை கொடுத்தாயா, சாப்பிட்டாளா, எங்கேயும் விழுந்து வைக்கவில்லையே என்று கேட்பாய். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஊர்க்கதையை ஆரம்பிப்பதற்குள் ஜெர்மனியில் உனக்கு ஏதாவது வேலை வந்துவிடும். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். நம் சொந்தக்காரர்கள் குரூப்பிலும் இதைப் போடப் போகிறேன். உன் கல்யாணத்துக்குத் திருப்பதி மலைக்கு வந்து, வயிறாரத் தின்றுவிட்டு, உன் சின்னம்மாவைப் பற்றி "பெத்த புள்ளையா இருந்தா மறந்துபூடுவாளா" என்று உன் காதில் விழுகிற மாதிரி பேசிவிட்டுப் போனார்களே, அவர்களும் படிக்கட்டும். பிழை இருந்தால் திருத்திக்கொள். ஏழாவது வரைக்கும் நான் தமிழ் மீடியம். எட்டாவதுக்குத் தெலுங்கு வாத்தியார் வந்தார், அவர் உள்ளே நுழைந்த அதே வாசல் வழியாக நான் வெளியே வந்துவிட்டேன். ஆனால் அந்த ஏழாவதிலேயே கட்டுரைப் போட்டியில் கலெக்டர் கையால் பரிசு வாங்கியவன் நான். நான் கதை சொல்லச் சொல்ல அந்தக் கலெக்டர் சில தடவை மந்திரியாகவும் ஆகியிருக்கிறார் என்பது உனக்குத் தெரியும். அவரை இன்றைக்கு விட்டுவிடுவோம்.

நம்முடைய கடையிலிருந்து ஆரம்பிக்கிறேன், உன் மாப்பிள்ளையும் இதைப் படிப்பார் என்பதால். மாப்பிள்ளை, புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை இருக்கிற இடத்தில் என்னுடைய வீடியோ கேம் கடை இருந்தது. சித்தூர் ஜில்லாவிலேயே முதல் கேம் மிசின் என்னுடையதுதான். இப்போது எங்களைத் திருப்பதி ஜில்லாவில் சேர்த்துவிட்டார்கள். அந்த ஜில்லாவிலும் முதல் மிசின் என்னுடையதுதான், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும். ஆள் உயரத்துக்கு மரப்பெட்டி, நடுவில் டிவி, கீழே ஒரு குச்சி, ரெண்டு பட்டன். விமானம் சுடுகிற கேம். ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தது, மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து நான் தோளில் தூக்கி வந்தேன் என்று கௌரிக்குச் சொல்லியிருக்கிறேன். லாரியில் வந்தது. ஆனால் லாரியிலிருந்து இறக்கும்போது ஒரு பக்கம் தோள் கொடுத்தது நான்தான்.

மலையில் மொட்டை போட்டுக்கொண்டு சந்தனம் பூசின தலையோடு பஸ் மாறுகிறவர்கள் ஆடுவார்கள். ஒடிந்த எலும்புக்குப் புத்தூர்க் கட்டு போட்டுக்கொள்ள வெளியூரிலிருந்து வந்து, கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பவர்களும் ஆடுவார்கள். அவர்களுக்குக் குச்சியைப் பிடிக்க ஒரு கை இருந்தால் போதும், பட்டனை உன் சின்னம்மா அழுத்துவாள். ஆட்டம் அவர்களுடையது, சுடுகிறது இவள். கை ஒடிந்தவர்கள் எல்லாம் எங்கள் கடையில் பெரிய வீரர்களாகத் திரும்பிப் போனதற்குக் காரணம் அதுதான். கடையை நான் நடத்தினேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நடத்தினவள் அவள். நான் வாசலில் நின்று கதை சொல்லிக் கூட்டம் சேர்த்தேன். மிசினின் டிவியில் சிவப்புக் கலர் முதல் வருஷமே போய்விட்டது. சிவப்பு விமானம் கறுப்பாகத் தெரியும், வெள்ளை மேகம் பாசி பிடித்த தண்ணீர் மாதிரி தெரியும். ரிப்பேருக்கு ஆளைக் கூப்பிடாமல், உலகத்திலேயே ஒரே ஒரு கறுப்பு விமானம் செய்தார்கள், அது புத்தூருக்கு வந்தது என்று சொல்லிவிட்டேன். அதைப் பார்க்கவென்றே நகரியிலிருந்து பையன்கள் சைக்கிள் மிதித்து வந்தார்கள்.

காசு விஷயத்தில் உன் சின்னம்மா கறார், கௌரி. ஓட்டையில் காசு விழுகிற சத்தம் கேட்டால்தான் ஆட்டம். அவள் தம்பிக்கும் அப்படித்தான், பஸ் ஸ்டாண்டு ஏட்டுக்கும் அப்படித்தான். கட்டின புருஷன் நானே ஒரு நாள் சும்மா ஆடிப் பார்க்கிறேன் என்று கேட்டதற்கு, "காச போட்டு ஆடு, இல்ல தள்ளி நில்லு, கிராக்கி நிக்குது பாரு" என்றாள். அந்தப் பெட்டியின் கீழே காசு விழுகிற இடத்துக்கு ஒரு சின்ன இரும்புக் கதவு உண்டு. அதைத் திறந்தால் உள்ளே ஒரு மெல்லிய கம்பி. காசு விழும்போது அந்தக் கம்பியைத் தட்டிக்கொண்டு விழும், அப்போதுதான் திரையில் ஒரு ஆட்டம் ஏறும். விரலால் அந்தக் கம்பியைத் தட்டினாலும் ஏறும், காசே வேண்டாம். அந்தக் கதவின் சாவியை அவள் தாலிக்கயிற்றில் ஊக்கோடு மாட்டியிருந்தாள், என்னிடம் கூடக் கொடுத்ததில்லை.

உன்னைப் பெற்ற என் அண்ணனும் அண்ணியும் பங்காருபாளையம் ரோட்டு விபத்தில் ஒரே நாளில் போன பிறகு உன்னை என் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தேன். நீ பேசவில்லை. ஊட்டினால் வாயைத் திறக்கவில்லை. உன் சின்னம்மாவுக்கு அதுவரை பிள்ளை இல்லை, எப்படித் தூக்கவேண்டும், எப்படிக் கொஞ்சவேண்டும் என்று தெரியாது. உன்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் ஆடிக்கொண்டிருந்தவனை, பாதி ஆட்டத்தில், "எழுந்துக்கோ" என்று கிளப்பிவிட்டாள். உன்னை ஸ்டூல் மேல் ஏற்றி நிறுத்தினாள். தாலிக்கயிற்றை வெளியே இழுத்து, குனிந்து, கதவைத் திறந்து, சுண்டுவிரலால் கம்பியைத் தட்டினாள். டிங் என்றது. நீ திரும்பி அவளைப் பார்த்தாய். ஒரு ஆட்டம் முடிந்ததும் இன்னொரு தட்டு. கடைசியில் ஸ்டூலில் நின்றபடியே வாயைத் திறந்தாய், அவள் சோற்றை உருட்டி உருட்டிப் போட்டாள், கண் திரையிலேயே இருந்ததால் நீ எவ்வளவு தின்றாய் என்று உனக்கே தெரியவில்லை. அன்றையிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு நீ வருகிற நேரத்துக்கு அவள் கம்பியைத் தட்டி வைத்துவிடுவாள். பையைப் போட்டதும் நேராக ஸ்டார்ட் பட்டன்தான் உனக்கு. பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேம் கடையில் காசு போடாமல் ஆடுகிறது ஒரே ஒரு ஆள்தான் என்று. இதை நான் ஜோடித்துச் சொல்லவில்லை. ஜோடிக்கவேண்டிய அவசியமே வராத ஒன்றிரண்டு விஷயங்களில் இதுவும் ஒன்று.

எல்லோர் கையிலும் செல்போன் வந்தது, கடை போனது. மிசின் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் போனது, நீ காலேஜுக்குப் போனாய், அங்கிருந்து ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனி வேலைக்குப் போனாய். உன் சின்னம்மாவுக்கு மட்டும் எல்லாம் பின்பக்கமாகப் போக ஆரம்பித்தது. முதலில் அடுப்பை மறந்தாள், அப்புறம் வீட்டுக்கு வரும் வழியை. திருப்பதி டாக்டர், கைக்கு வேலை கொடுங்கள், பழைய பழக்கம் ஏதாவது இருந்தால் அதைச் செய்யவிடுங்கள் என்றார். நான் அவளுக்குப் பழைய பழக்கம் என்னைத் திட்டுவதுதான் என்றேன். நீ சிரிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயை எடுத்தாய்.

உள்ளே எலி குடும்பம் நடத்தியிருந்தது. டிவி செத்துவிட்டது, போர்டு பச்சை பூத்துக் கிடந்தது. நான் முடிந்தது கதை என்றேன். நீ போர்டிலிருந்து சிப்புகளை ஒவ்வொன்றாகப் பல் பிடுங்குகிற மாதிரி பிடுங்கிக்கொண்டு போய், அதிலிருந்த கேமை மட்டும் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டு வந்தாய். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு கொண்டுவந்தாய், அது தன்னைப் பழைய மிசின் என்று நினைத்துக்கொள்ளும், அந்த கேமும் தான் பழைய இடத்தில்தான் இருக்கிறோம் என்று நம்பி ஓடும் என்று விளக்கினாய். எனக்கு அது உடனே புரிந்தது, கௌரி. வாழ்நாள் பூராவும் நான் செய்தது அதைத்தானே. புது டிவி, புது பட்டன், காசுக்குப் பதிலாக ஓரத்தில் ஒரு சின்ன பட்டன், அழுத்தினால் ஆட்டம் ஏறும். பழைய இரும்புக் கதவை அழகுக்கு விட்டுவை என்று நான்தான் சொன்னேன். நீ அந்தக் கம்பிக்கும் பின்பக்கமாக ஒரு ஒயர் கொடுத்தாய். எதற்கு என்று கேட்டதற்கு, "இருக்கட்டும் சின்ன நைனா" என்றாய். சாவி கேட்டபோது அவள் மார்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள், ஞாபகம் இருக்கிறதா? எதற்குப் பொத்துகிறோம் என்று அவளுக்கே தெரியாது என்றுதான் நாம் ரெண்டு பேரும் நினைத்தோம்.

அவளை அழைத்து வந்து முன்னால் நிறுத்தினோம். சிவப்பு விமானம் ரத்தச் சிவப்பாக, மேகம் பால் மாதிரி. அவள் பார்த்துவிட்டு, "இது நம்ம மிசினு இல்ல. எவனோடதோ. எடுத்துக்கினு போவச் சொல்லு" என்று உள்ளே போய்விட்டாள். நீ மூன்று வாரம் செய்த வேலை. கோபப்படுவாய் என்று பார்த்தேன். நீ போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து, கம்பெனியில் எதையும் சரியாக்கிச் சம்பளம் வாங்குகிறவள், இங்கே படத்தைக் கெடுக்க ஆரம்பித்தாய். சிவப்பைப் பாதியாக்கினாய், அப்புறம் அதிலும் பாதியாக்கினாய். நான் பக்கத்தில் நின்று, இன்னும் கறுப்பு, இன்னும் பாசி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். குச்சி இடது பக்கம் மக்கர் பண்ணும் என்று நினைவு வந்து, ரப்பர் வைத்து அதையும் இறுக்கினாய். திரும்பக் கூட்டி வந்தோம். விமானத்தைப் பார்த்தாள், குச்சியை ஒரு ஆட்டு ஆட்டினாள், ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு நான் அழுதேன் என்று நீ மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாயாம். கண்ணில் எலிப்புழுக்கை தூசி விழுந்தது. சரி, அழுதேன்.

அப்புறம்தான் அந்தத் தப்பு நடந்தது. நீ ஓரத்து பட்டனை அழுத்தி ஆட்டம் ஏற்றினாய். காசு விழுந்த சத்தம் வரவில்லை. அவள் கையை நீட்டி, "காசு எங்கமே? காசு போடாம ஆடக்கூடாது" என்றாள். நமக்கு அவள் பேசினதே பெரிசு. நீ சிரித்துக்கொண்டே ஒரு ரூபாய் எடுத்து அவள் கையில் வைத்தாய், அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் கைதட்டினேன். அதற்குப் பிறகு நீ லீவுக்கு வந்த ஒவ்வொரு தடவையும் அப்படித்தான், அவள் கையை நீட்டுவாள், நீ காசு கொடுப்பாய். விளையாட்டாகக் கொடுத்தாய், அன்பாகக் கொடுத்தாய். அவளும் உன்னை நன்றாகத்தான் நடத்தினாள், வாடிக்கைக்கு வருகிற நல்ல பெண் என்று.

கல்யாணம் முடிந்து நீ கிளம்பின நாளைப் பற்றி நாம் இதுவரை பேசவில்லை. பேசிவிடுவோம். எதிர்வீட்டு அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பொண்ணு அத்தனை தூரம் போறாளே, மனசுக்குக் கஷ்டமா இல்லையா என்று கேட்டாள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டாள். உன் சின்னம்மா அவளை ஒரு மாதிரி பார்த்து, "எனக்கு ஏது பொண்ணு? எனக்குத்தான் ஒண்ணும் தங்கலயே" என்றாள். நீ அவளுக்குக் காபி ஆற்றிக்கொண்டு நின்றாய். டம்ளரில் இருந்து டபராவுக்கு, டபராவிலிருந்து டம்ளருக்கு, ஆறிப்போன பிறகும் ஆற்றிக்கொண்டிருந்தாய். அப்புறம் அதை அவள் கையில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை நின்று, வாயைத் துடைத்துவிட்டு, பெட்டியை எடுக்கப் போனாய். போகிறதுக்கு முன்னால் மிசினில் ஒரு ஆட்டம் ஆடினாய். கையை நீட்டினாள். காசு கொடுத்தாய். இந்தத் தடவை நீ சிரிக்கவில்லை.

கார் நகரி தாண்டும்போது எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நேற்றுக்கூட உன்னைத்தான் கேட்டாள், கௌரி சாப்பிட்டாளா என்று உன் பேரைச் சொல்லியே கேட்டாள் என்று ஆரம்பித்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே, "சின்ன நைனா, ஒரு வாட்டியாவது நெசத்த சொல்லு" என்றாய். மாப்பிள்ளை டிரைவரிடம் ஏசியைக் குறைக்கச் சொன்னார். என்னிடம் அப்போது உனக்குக் கொடுக்க நெசம் எதுவும் இல்லை, தாயே. இருந்த ஒரே நெசம் எதிர்வீட்டு அம்மாவிடம் அவள் சொன்னது. அதனால் ஏர்போர்ட் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு வந்தேன். என்னை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

இப்போது ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ போன மறுநாள் சாயங்காலம். எதிர்ப் பள்ளிக்கூடத்தில் பெல் அடித்துப் பிள்ளைகள் ரோட்டில் வந்துகொண்டிருந்தார்கள். உன் சின்னம்மா கட்டிலிலிருந்து எழுந்து மிசின் கிட்டே போனாள். தூக்கம் கலைந்து போகிறாள் என்று நான் பின்னாலேயே போனேன். அவள் ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு தாலிக்கயிற்றை இழுத்தாள், குனிந்தாள். முட்டி வலிக்குக் குனிய முடியாது என்று டாக்டர் சொன்ன அதே ஆள்தான் குனிந்தாள். சாவி துருப்பிடித்த பூட்டில் திரும்பவில்லை, எச்சில் தொட்டுத் திருப்பினாள். கதவைத் திறந்து சுண்டுவிரலை உள்ளே விட்டுக் கம்பியைத் தட்டினாள். டிங் என்றது. திரையில் ஒரு ஆட்டம் ஏறியது. கதவைச் சாத்திப் பூட்டி, ஸ்டூலை ரோட்டைப் பார்க்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான், யாருக்கு தட்டி வெச்ச என்று கேட்டேன். என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்க்கிற மாதிரி பார்த்து, "நம்ம கடையில காசு போடாம ஆடறது யாரு?" என்றாள். அவ பேரு இன்னா என்றேன். யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி ரொம்ப நேரம் யோசித்தாள். "பேரு வரல. அவ வந்துருவா" என்றாள்.

இந்த இடத்தில் கௌரி என்று சொன்னாள் என்று எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், நீயே சொல். கை அரித்தது. எழுதவில்லை. அவள் சொல்லவில்லை, நான் எழுதவில்லை.

அன்றையிலிருந்து பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குத் தட்டி வைக்கிறாள். இருட்டினதும் எழுந்து போய்விடுகிறாள், மறுநாள் திரும்பத் தட்டுகிறாள். கரண்டு போனால் ஏறினது எல்லாம் அழிந்துவிடும் என்று நீ சொல்லியிருந்தாய் இல்லையா, மிசினுக்கென்று ஒரு இன்வெர்ட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டு ஃபேனுக்குக்கூட அதில் இணைப்புக் கிடையாது. திரை மூலையில், சேர்ந்த ஆட்டங்களைக் காட்டி ஏறிக்கொண்டிருந்த எண் ஒரு நாள் தொண்ணூற்றொன்பதில் நின்றுவிட்டது. அவள் தட்டுகிறாள், டிங் என்கிறது, எண் நகரவில்லை. இதை நான் கூட்டிச் சொல்லியிருக்கிறேன் என்று நீ சந்தேகப்படவே முடியாது, மிசினே இதற்கு மேல் எழுதத் தெரியாது என்று கையை விரித்துவிட்டது. அவளுக்கு எண்ணிக்கை பற்றிக் கவலை இல்லை. நானும் அந்த ஸ்டார்ட் பட்டனைத் தொடுவதில்லை. எதிர்வீட்டுப் பிள்ளைகள் வந்து கேட்டால் மிசின் ரிப்பேர் என்று சொல்லிவிடுகிறேன். அது பொய்தான், அதற்கு நான் வருத்தப்படவில்லை.

யோசித்துப் பார், கௌரி. அவள் உன்னை மறந்துவிட்டாள் என்று நீ முடிவு கட்டிக்கொண்டாய், நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன். நீ காசு கொடுத்தாய். ஒவ்வொரு தடவையும் அவள் கை நீட்டினதும் கொடுத்தாய். காசு கொடுத்து ஆடுகிறவள் எப்படி அவளுடைய பெண்ணாக இருக்க முடியும்? அவள் கணக்கில் அது நடக்கவே நடக்காது. எதிரில் நிற்கிற கிராக்கியிடம் அவள் எதற்கு உன்னைப் பற்றிப் பேசுவாள்? வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்று அவள் சொன்னது நெசம்தான், அது உனக்கும் தெரிந்ததுதான். தங்கினது வேறு இடத்தில். அது அவள் நாக்குக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிகிறது.

கல்யாணமான பெண்ணுக்குப் பெரியவர்கள் புத்தி சொல்லவேண்டுமாம். மேடையில் நான் அரை மணி நேரம் மைக்கைப் பிடித்துச் சொன்னது எதுவும் எனக்கே நினைவில்லை. இப்போது சொல்கிறேன். உங்கள் வீட்டில் யார் யார் எதைச் செய்யவேண்டும், யார் முறை என்றெல்லாம் கறாராகவே இருங்கள், உன் சின்னம்மா மாதிரி. ஆனால் ஒரு ஆளுக்காவது கேட்காமல் தட்டி வையுங்கள். அந்த ஆள் மாப்பிள்ளையாக இருந்தால் சந்தோஷம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உனக்கு இருந்தது, அதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன், அதுவே எனக்குப் போதும்.

டாக்டர் போன வாரம், எழுந்து நடமாடுகிறது இனி நாளாக நாளாகக் குறையும் என்றார். குனியும்போது இப்போதெல்லாம் பெட்டியைப் பிடித்துக்கொள்கிறாள். நேற்று சாவியைத் துவாரத்தில் வைக்க நான் அவள் கையைப் பிடித்து உதவினேன். தட்டுகிறது அவள்தான்.

லீவு போட்டுவிட்டு வா. என்னைத் தெரிகிறதா, நான் யார் சொல்லு என்றெல்லாம் அவள் முன்னால் நிற்காதே. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வா, பையை வழக்கமான மூலையில் போடு, நேராகப் போய் ஸ்டார்ட் பட்டனை அழுத்து. அவள் கையை நீட்டினாலும் நீட்டுவாள். நீ பாட்டுக்கு ஆடு. கோபித்துக்கொண்டாலும் ஆடு. சின்ன வயதில் அப்படித்தான் ஆடினாய். ஏர்போர்ட்டுக்கு நான் வருகிறேன், வழியெல்லாம் வாயை மூடிக்கொண்டே வருகிறேன் என்று வேண்டுமானால் சத்தியம் செய்கிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். வீட்டுக்குள் நுழையும்போது கையில் காசு வைத்துக்கொள்ளாதே.

உன் சின்ன நைனா